பழைய பிரிட்டிஷ் டான்ஸ் பேண்ட் ரிக்கார்டு சேர்க்கப் போகிறீர்களா? ஊசியிலிருந்து தொடங்குங்கள்

முப்பதுகளின் பாடகர் அல் பௌலியின் குரலை எங்கேயோ கேட்டுவிட்டு, அப்படியே ரே நோபிள், லூ ஸ்டோன், ஆம்ப்ரோஸ், ராய் ஃபாக்ஸ் என்று பேண்ட் தலைவர்களைத் தேடிக்கொண்டே போயிருப்பீர்கள். ஒரு கட்டத்தில் அந்தக் காலத்துத் தட்டையே வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றும். பிரிட்டனில் இருந்தால் தோன்றிய வாரமே வாங்கியும் விடலாம். இரண்டு பவுண்டு கொடுத்தால் ஒரு தட்டு. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதை ஒழுங்காகக் கேட்க ஊசிக்கு நூறு பவுண்டு, உடையாமல் தபாலில் வந்து சேர நாலைந்து பவுண்டு, உறை, அலமாரி, கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். தட்டு மலிவு, அதைச் சுற்றியிருப்பதுதான் செலவு. அந்தக் கணக்கை முன்னாலேயே தெரிந்துகொண்டு இறங்கினால் பணமும் மிஞ்சும், தட்டும் மிஞ்சும்.

இங்கே நான் சொல்வது சுமார் 1925இலிருந்து 1945 வரை வந்த 78 வேகத் தட்டுகளைப் பற்றி, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை. பின்னால் வந்த எல்பி, 45 வினைல் தட்டுகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

1. தட்டு வாங்கும் முன் ஊசி வாங்குங்கள்

78 தட்டின் பள்ளம் எல்பி தட்டின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசியின் நுனி 0.7இலிருந்து 1 மில் வரை இருக்கும். மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78க்கு 3 மில் வேண்டும். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே படிந்திருக்கும் அழுக்கைத்தான் பாடும். "78 என்றாலே கரகரப்புதான்" என்று பலர் நம்பிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் இது. பெட்டி மாதிரி மூடித் திறக்கும் மலிவு பிளேயர்களில் 78 என்று ஒரு வேகம் எழுதியிருக்கும், ஊசி மட்டும் எல்பி ஊசியாகவே இருக்கும். அதை நம்பி வாங்காதீர்கள்.

தேவையானவை மூன்று. 78 வேகத்தில் உண்மையாகவே சுழலும் டர்ன்டேபிள், 3 மில் ஊசி உள்ள கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பெட்டி), ஊசி தட்டை அழுத்தும் எடையைப் பார்க்கும் சிறு தராசு. ஆடியோ-டெக்னிகா விஎம்95எஸ்பி இந்த வேலைக்கென்றே வந்த கார்ட்ரிட்ஜ். 5 கிராம் எடையில் ஓடும். ஆர்டோஃபோனிலும் 78க்கான ஊசி உண்டு. எல்பி பழக்கத்தில் எடையைக் குறைத்து வைக்காதீர்கள். எடை போதாமல் ஊசி பள்ளத்துக்குள் துள்ளினால் தட்டுக்குச் சேதம் அதிகம். எடையைப் பொறுத்தவரை அந்த ஊசியோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம்.

செலவுக் கணக்கு: நல்ல நிலையில் பழைய டர்ன்டேபிள் 100 பவுண்டிலிருந்து, புதியது 250, 300 வரை. கார்ட்ரிட்ஜுக்கு 70 முதல் 150 வரை ஒதுக்குங்கள். தேய்ந்த தட்டுக்கு 2.8, 3.5 என்று வேறு வேறு அளவில் ஊசி தேய்த்துத் தருபவர்களும் பிரிட்டனில் இருக்கிறார்கள். அது பிற்பாடு. சேகரிப்பு வளர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.

சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் மேல் ஆசை வரும். எனக்கும் உண்டு. எச்.எம்.வி. நிறுவனத்தின் 102 போன்ற தூக்கிச் செல்லும் மாடல் 100, 200 பவுண்டுக்குக் கிடைக்கும். ஆனால் அதில் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் பாடி முடித்ததும் அதை எறிந்துவிட வேண்டும், மறுபடி போடக்கூடாது. நல்ல நிலையில் உள்ள தட்டு எதையும் அதில் அடிக்கடி போடாதீர்கள். நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் வந்த தட்டுகளைப் போடவே கூடாது; அவை லேசான எடைக்காகச் செய்யப்பட்டவை.

2. லேபிளைப் படிக்கப் பழகுங்கள்

நூறு தட்டு கொண்ட ஒரு பெட்டியில் டான்ஸ் பேண்ட் பத்துகூட இருக்காது. மீதி பக்திப் பாட்டு, ஒப்பெரா, நகைச்சுவை, ராணுவ பேண்ட். அவசரமாகப் புரட்டும்போது பாட்டின் பெயரைப் படிக்காதீர்கள். அதற்கு அடியில் சின்ன எழுத்தில் ஃபாக்ஸ்-டிராட், வால்ட்ஸ், குயிக்-ஸ்டெப் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது நடனத்துக்காக அடித்த தட்டு. அதன் பக்கத்தில் 'வோக்கல் ரெஃப்ரெய்ன்' என்று இருந்தால் நடுவில் பாடகர் வருவார்.

பாடகரின் பெயர் பல நேரம் இருக்காது என்பதுதான் இதில் சுவாரசியம். எச்.எம்.வி.யில் 'நியூ மேஃபேர் டான்ஸ் ஆர்கெஸ்ட்ரா' என்று போட்டிருந்தால் அது அந்த நிறுவனத்தின் சொந்த பேண்ட். முப்பதுகளின் தொடக்கத்தில் அதை நடத்தியவர் ரே நோபிள். அதில் பல தட்டுகளில் பாடியிருப்பது அல் பௌலி, ஆனால் லேபிளில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. விற்பவருக்கும் தெரியாது. பௌலி பெயர் போட்ட தட்டு பத்து பவுண்டு என்றால் இது அதே பெட்டியில் ஒரு பவுண்டுக்குக் கிடக்கும்.

எண்ணைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். எச்.எம்.வி.யில் பி 5000, பி 6000 வரிசைகளிலும் பிறகு பிடி வரிசையிலும் டான்ஸ் தட்டுகள் நிறைய. கொலம்பியாவில் சிபி, அதற்குப் பின் எஃப்பி. டெக்காவில் எஃப். ரெக்ஸ், இம்பீரியல், ஸ்டெர்னோ, ரீகல் ஸோனோஃபோன், பனாகார்ட் எல்லாம் அந்தக் காலத்து மலிவு லேபிள்கள். மலிவு என்று ஒதுக்கவேண்டாம். வாசித்தவர்கள் பல நேரம் அதே ஆட்கள்தான்.

அளவிலும் வேடிக்கை உண்டு. வழக்கமான தட்டு 10 அங்குலம். உல்வொர்த் கடைகளில் விற்ற எக்ளிப்ஸ் 8 அங்குலம், அதற்குப் பின் வந்த கிரௌன் 9 அங்குலம். டூரியம் என்று பழுப்பு நிறத்தில், அட்டை மேல் பிசின் பூசிய தட்டு ஒன்று உண்டு. 1932, 33இல் பத்திரிகைக் கடைகளில் விற்றது. வளையும், ஒரு பக்கம்தான் பாடும். லூ ஸ்டோன் நடத்தி அல் பௌலி பாடிய டூரியம் தட்டுகளே இருக்கின்றன. "இதென்ன விளம்பர அட்டையா" என்று பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

லேபிளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்று இடத்தில் கீறியோ அச்சிட்டோ சில எழுத்தும் எண்ணும் இருக்கும். அது மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்த ஒலிப்பதிவின் எண். கூடவே, எத்தனையாவது தடவை பதிந்தது என்று சொல்லும் டேக் எண். ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு தடவை பதிவு செய்து இரண்டையும் வெளியிட்டிருக்கலாம். அப்படிப்பட்டவற்றில் ஒரு டேக் சல்லிசு, மற்றது அபூர்வம். பிரையன் ரஸ்ட், சாண்டி ஃபோர்ப்ஸ் இருவரும் தொகுத்த பிரிட்டிஷ் டான்ஸ் பேண்ட் விவரப்பட்டியல் இதற்கெல்லாம் வேதம். பழைய புத்தகமாகத்தான் கிடைக்கும், விலை கொஞ்சம் கடி. அது கிடைக்கும்வரை கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் சாண்டா பார்பராவில் இலவசமாகத் தரும் இணையப் பட்டியலில் எச்.எம்.வி. எண்களைத் தேடிப் பார்க்கலாம்.

சென்னையில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. கல்கத்தா டம்டம் ஆலையில் இந்தப் பாட்டுகளில் பலவற்றை அச்சடித்தார்கள். பழைய சாமான் கடையில் பாகவதர் தட்டுகளுக்கு இடையே ஒரு ஜாக் ஹில்டன் கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

3. எங்கே தேடுவது, எவ்வளவு கொடுப்பது

நன்கொடையாக வந்த சாமானை விற்கும் சாரிட்டி கடைகளில் அலையாதீர்கள். கனம், உடையும், விற்காது என்று பெரும்பாலான கடைகள் 78ஐ வாங்கிக்கொள்வதே இல்லை. காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேல் நல்ல இடம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, ஞாயிறு விடிகாலை. ஏழு மணிக்குள் போங்கள். அதற்குப் பிறகு மிஞ்சியிருப்பது விக்டர் சில்வெஸ்டராகத்தான் இருக்கும். கட்டுக் கட்டாக வரும் அவர் தட்டுகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை, சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

உள்ளூர் ஏலக் கடைகளில் வீட்டைக் காலி செய்து வந்த சாமான் வரும். "78 தட்டுகள், இரண்டு பெட்டி" என்று ஒரே எண்ணில் போடுவார்கள். விலை 20 பவுண்டு என்று விழுந்தாலும் அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் 20இலிருந்து 30 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு வாட் வரி தனி. கை தூக்கும் முன் இதைக் கூட்டிப் பாருங்கள். முந்தின நாள் பார்வைக்கு வைப்பார்கள். அந்த நாளில் போகாமல் ஏலம் கேட்காதீர்கள். அள்ளிக்கொண்டு போவது உங்கள் பாடு. 10 அங்குலத் தட்டு ஒன்று 200 கிராமுக்கு மேல் வரும், நூறு தட்டு 20 கிலோவைத் தாண்டும். பெட்டியின் அடி கழன்று படிக்கட்டில் கொட்டிய கதை இந்த வட்டாரத்தில் எல்லோரிடமும் உண்டு.

நல்ல தட்டு நம்பகமாக வேண்டுமென்றால் சேகரிப்பாளர்களைத் தேடிப் போங்கள். 1919இல் தொடங்கிய சிட்டி ஆஃப் லண்டன் ஃபோனோகிராஃப் அண்ட் கிராமபோன் சொசைட்டி இன்றும் இயங்குகிறது. இப்படிப்பட்ட சங்கத்தில் சேர்ந்தால் வயசான அங்கத்தினர்கள் தங்கள் இரட்டைப் பிரதிகளை நியாய விலைக்குக் கொடுப்பார்கள். எது தேறும், எது தேறாது என்பதை வாயாலேயே சொல்லிக்கொடுப்பார்கள். காசு கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காத பாடம் அது.

விலை விஷயத்தில் ஒரு பொது வழி சொல்கிறேன். ஹென்றி ஹால், ஜாக் ஹில்டன், ஜாக் பெய்ன் தட்டுகள் ஏராளம். ஒன்றிலிருந்து மூன்று பவுண்டுக்கு மேல் கொடுக்கவேண்டாம். பௌலி பெயரோடு நல்ல நிலையில் என்றால் ஐந்து, பத்து. அதற்கு மேல் கேட்டால் மேட்ரிக்ஸ் எண்ணைக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து பட்டியலில் பாருங்கள், மறுநாள் முடிவு செய்யுங்கள். "வின்டேஜ், அபூர்வம்" என்று எழுதிவிட்டதால் தட்டு அபூர்வமாகிவிடாது. வயதுக்கு இங்கே விலை கிடையாது.

4. விளக்கடியில் பார்த்து வாங்குவது

கையில் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். தட்டை உறையிலிருந்து முழுக்க வெளியே எடுத்து, விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தேயாத பள்ளம் கறுப்பாக, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும். தேய்ந்த பள்ளம் சாம்பல் பூத்திருக்கும். வெளி விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடும்போதே தேய்ந்துகொண்டு வரும். லேபிளை நெருங்கும் கடைசி அங்குலத்தில்தான் அது பள்ளத்தை அதிகம் தின்றிருக்கும். பேண்ட் முழுசாகச் சேர்ந்து முழங்குவதும் பெரும்பாலும் கடைசியில்தான். அந்த இடம் சாம்பலாக இருந்தால் எவ்வளவு கழுவினாலும் பித்தளைக் கருவிகள் இரையும்.

மேலோட்டமான கீறலைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கண்ணை உறுத்தும் பல கீறல்கள் காதுக்குத் தெரியாது. சாம்பல் நிறம் அப்படியில்லை, அது போனது போனதுதான்.

அடுத்தது விரிசல். நடு ஓட்டையில் ஒரு விரலைக் கொடுத்துத் தட்டைத் தொங்கவிட்டு, விளிம்பில் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். சந்தையில் பானை தட்டிப் பார்ப்பது போலத்தான்: முழுத் தட்டு கணீரென்னும், விரிசல் விட்டது மொத்தென்று சத்தம் கொடுக்கும். பழைய பிரிட்டிஷ் கொலம்பியா தட்டுகள் அடுக்கு அடுக்காகச் செய்தவை. உள்ளே தாள் இருக்கும். அதனால்தான் அவற்றில் இரைச்சல் குறைவு. ஆனால் மேல் அடுக்கு மட்டும் விரிசல் விட்டிருக்கலாம், அது தட்டிப் பார்த்தாலும் தெரியாது. விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

பார்க்க முடியாமல் வாங்கும்போது தர எழுத்தைத்தான் நம்பவேண்டியிருக்கும். 78 சேகரிப்பாளர்கள் என் (புதிது போல), ஈ (மிகச் சிறப்பு), வி (மிக நன்று), ஜி (நன்று), எஃப் (சுமார்), பி (மோசம்) என்று இறங்குவரிசையில் எழுதுவார்கள். எல்பி வியாபாரிகளின் விஜி, விஜி ப்ளஸ் வேறு கணக்கு. இரண்டையும் கலந்து எழுதுபவர் 78 பழகாதவர் என்று வைத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு என் ஆலோசனை, ஈ தரத்துக்குக் கீழே போகாதீர்கள். வி என்பது கேட்கலாம், ரசிக்க முடியாது. கேட்டேயாக வேண்டிய அபூர்வம் என்றால் மட்டும் வி.

5. தபாலில் வாங்கினால்

இங்கேதான் தட்டுகள் அதிகம் சாகின்றன. எனக்கு ஒரு விற்பனையாளர் குமிழ் உறையில் வெறுமனே சுற்றி ஒரு ஆம்ப்ரோஸ் தட்டை அனுப்பினார். மேலே 'உடையும் பொருள்' என்று சிவப்பில் எழுதியிருந்தார். உள்ளே அதன்படியே இருந்தது. கேட்டதற்கு "எல்பி எல்லாம் இப்படித்தான் அனுப்புகிறேன்" என்று பதில். எல்பி வளையும். இது பீங்கான் தட்டு மாதிரி சிதறும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கேட்கவேண்டியது இவ்வளவுதான். தட்டைவிடப் பெரிய இரண்டு நெளிவு அட்டைகளுக்கு நடுவே வைத்து, அட்டைகளின் நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி ஒட்ட வேண்டும். உள்ளே தட்டு அசையக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட தட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் இடையே அட்டை. அந்தப் பொதியை ஒரு பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பஞ்சோ கசக்கிய தாளோ. "சரி, செய்கிறேன்" என்று பதில் வந்தால் வாங்குங்கள். பதிலே வராவிட்டால் விடுங்கள், இதே தட்டு இன்னொரு நாள் வரும். ஒரு தட்டுக்கும் ஐந்து தட்டுக்கும் தபால் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆகவே ஒரே ஆளிடம் சேர்த்து வாங்குவதுதான் லாபம்.

வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள்: விளம்பரப் பக்கத்தின் படம் (தர எழுத்து தெரியும்படி), செய்திப் பரிமாற்றம், பணம் கட்டிய ரசீது. பெட்டி வந்ததும் திறப்பதற்கு முன் ஒரு படம், திறக்கத் திறக்க இரண்டு மூன்று படம். உடைந்திருந்தால் துண்டுகளையும் பெட்டியையும் விவகாரம் முடியும்வரை எறியக்கூடாது. ஈபேயில் வாங்கியது சொன்னபடி இல்லையென்றால் வந்து சேர்ந்த 30 நாளுக்குள் புகார் கொடுக்கவேண்டும். வியாபாரியிடம் இணையம் வழியே வாங்கினால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை சட்டத்தில் உண்டு. தனி நபரிடம் வாங்கினால் கிடையாது. தபால் நிறுவனத்திடம் நஷ்ட ஈடு கேட்பது அனுப்பியவர் வேலை, உங்கள் வேலை அல்ல. அவர் உங்களை அங்கே தள்ளிவிட்டால் மசியாதீர்கள்.

நீங்கள் அனுப்பும்போது தபால் நிலையத்தில் அனுப்பியதற்கான சான்று கேளுங்கள். இலவசம்தான், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். வெளிநாட்டுக்கு என்றால் 270 பவுண்டு மதிப்பு வரை சிஎன்22 என்ற சுங்கப் படிவம், அதற்கு மேல் சிஎன்23. 'பழைய சாமான்' என்று எழுதாமல் 'பயன்படுத்திய கிராமபோன் இசைத்தட்டு' என்று எழுதுங்கள், சுங்கத்தில் நிற்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 135 பவுண்டு வரை வாட் வரியை வாங்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் பிரிட்டன் வந்த பிறகு 20 சதவீதமும், அதை வசூலிக்கத் தனிக் கட்டணமும் கேட்பார்கள்.

6. கழுவுவது

சாராயம் கலந்த எதுவும் கூடாது. வேறெதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். எல்பி கழுவ விற்கும் பல திரவங்களில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கும். இந்தத் தட்டுகளைப் பிடித்துவைத்திருப்பது அரக்கு, அரக்கு ஆல்கஹாலில் கரையும். புட்டியின் பின்பக்கம் படித்துவிட்டுத் திறவுங்கள்.

வாலை வடிநீர் ஒரு லிட்டர், வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சூடான நீர் வேண்டாம். லேபிளை ஒரு வட்டப் பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொண்டு, மிருதுவான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் தேயுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். தண்ணீர் கறுத்து ஓடும். அது பெரும்பாலும் எஃகு ஊசித் தூளும் தூசியும்தான். பிறகு வெறும் வடிநீரில் அலசி, பாத்திரம் கவிழ்க்கும் தாங்கியில் நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். இரவு வைத்தால் காலையில் எடுக்கலாம். ஹேர் டிரையரும் வெயிலும் இதன் எதிரி.

தண்ணீரே படக்கூடாதவை சில உண்டு. டூரியம் அட்டைத் தட்டு, மேல் அடுக்கு விரிசல் விட்ட கொலம்பியா, எடிசனின் தடித்த டயமண்ட் டிஸ்க். அப்புறம், பெட்டிக்குள் எப்போதாவது உலோகத் தகட்டின் மேல் கறுப்பு பூசிய, கையால் லேபிள் எழுதிய தட்டு ஒன்று வரும். அது வீட்டிலோ வானொலியிலோ நேரடியாகப் பதிந்தது. அப்படி ஒன்று உலகத்தில் வேறெங்கும் இல்லாமலிருக்கலாம். அதன் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் கை வைக்காதீர்கள், ஊசியும் வைக்காதீர்கள். ஒலி ஆவணக் காப்பகம் எதையாவது முதலில் கேளுங்கள்.

பூஞ்சணம் பிடித்த பெட்டி என்றால் முகக்கவசம் போட்டு, தோட்டத்தில் வைத்துத் திறவுங்கள். பழைய உறைகளைக் குப்பையில் போடுவதற்கு முன் கடைப் பெயர் அச்சடித்த உறை இருந்தால் தனியே எடுத்துவையுங்கள். அவற்றைச் சேர்ப்பவர்கள் தனிக் கூட்டம்.

7. உறையும் அலமாரியும்

தட்டு நிற்கவேண்டும், படுக்கக்கூடாது, சாயவும் கூடாது. அமிலமில்லாத 10 அங்குல உறை ஒன்று 30 முதல் 60 பென்ஸ். மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம். வாங்கும்போதே நூறாக வாங்கினால் விலை இறங்கும். பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு தடுப்பு இருந்தால் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று சாயாது. எல்பிக்கென்று விற்கும் அலமாரியின் தாங்கும் எடையைப் பாருங்கள். 78 அதே இடத்தில் அதைவிடக் கனம்.

பழைய தட்டுகள் பல நேரம் புத்தகம் போன்ற ஆல்பத்தில் வரும். பார்க்க அழகு, ஆனால் முதுகுத் தையல் இறுகியிருக்கும். ஒரு தட்டை எடுக்கும்போது அடுத்தது நொறுங்கும். தட்டுகளை உறைக்கு மாற்றிவிட்டு ஆல்பத்தைத் தனியே வையுங்கள்.

இடம் வீட்டின் நடுவில் இருக்கட்டும். கூரையடி லாஃப்ட் கோடையில் கொதிக்கும், கீழ்த்தளக் கிடங்கு ஆண்டு முழுக்க ஈரம். 18, 20 டிகிரி சூடும் 35 முதல் 50 சதவீத ஈரப்பதமும் போதும். பத்து பவுண்டு ஈரமானி ஒன்றை அலமாரியில் வைத்துவிடுங்கள். கார் பின்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் ஒரு தட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அது கிண்ணமாகியிருக்கும்.

8. பதிவேடு

ஐம்பது தட்டு சேர்வதற்குள் தொடங்கிவிடுங்கள், பிறகு செய்யமுடியாது. சாதாரண எக்செல் போதும். லேபிள், எண், இரண்டு பக்கத்துப் பாட்டு, பேண்ட், மேட்ரிக்ஸ், டேக், தரம், வாங்கிய தேதி, விலை, எங்கே. மேட்ரிக்ஸ் எழுதாமல் விட்டால் அதே தட்டை மறுபடி வாங்குவீர்கள், அல்லது வேறு டேக் என்று தெரியாமல் விட்டுவிடுவீர்கள். வீட்டுக் காப்பீட்டில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். மொத்தச் சேகரிப்பை ஒரே பொருளாகக் கணக்கெடுப்பார்களா, தனித்தனியாகவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்டம் வந்தபின் கேட்டால் அவர்களுக்குச் சாதகமான பதில்தான் வரும்.

9. கணினிக்கு மாற்றுவது

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தட்டு கொஞ்சம் தேயும். ஆகவே நல்லதாக ஒரு முறை பதிந்துவிட்டு, தினசரி கேட்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. தட்டு மோனோ என்றாலும் ஸ்டீரியோவாகப் பதியுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவரும் தனித்தனியாக வரும். ஒரு சுவர் தேய்ந்திருந்தால் மற்றதை எடுத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடப் பக்கம் ஒன்று சுமார் 100 எம்பி. நூறு தட்டு, இருநூறு பக்கம், 20 ஜிபியைச் சுற்றி. இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில்.

இரண்டு விஷயத்தில் கவனம். முதலாவது வேகம். டர்ன்டேபிள் மேல் வைத்து மின்விளக்கு வெளிச்சத்தில் வேகம் பார்க்க ஸ்ட்ரோப் வட்டம் என்று ஒன்று உண்டு; பிரிட்டனின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியது 77 கோடுகள் கொண்டது. சுழலும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் வேகம் 77.92. கொலம்பியாவின் பழைய தட்டுகள் சிலவற்றில் 80 என்றே லேபிளில் இருக்கும். அதை 78இல் ஓட்டினால் பாட்டு இறங்கிப்போகும். இரண்டாவது, இன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கும் ஆர்ஐஏஏ சமனாக்கம் (பதியும்போது கூட்டிய உச்ச ஒலிகளை ஓட்டும்போது திரும்பக் குறைக்கும் முறை) ஐம்பதுகளில் வந்தது. அது 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் குறைக்கும். முப்பதுகளின் எச்.எம்.வி., கொலம்பியா தட்டுகளுக்கு அந்தக் குறைப்பு தேவையில்லை. அதனால்தான் சிலர் பதிவில் பேண்ட் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோலக் கேட்கும். ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் இதைத் திருத்தலாம், இலவசம். இரைச்சல் நீக்கும் வேலையைப் பிரதியில் செய்யுங்கள். அசல் பதிவைத் தொடாமல் வையுங்கள். கோப்புப் பெயரில் லேபிளும் எண்ணும் மேட்ரிக்ஸும் இருக்கட்டும்.

கழுவிய தட்டு, சரியான ஊசி என்று எல்லாம் தயாராக இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகும். ஒரு சனிக்கிழமைக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் வெறுப்பு வராது.

10. இணையத்தில் போடும் முன்

1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுக்குப் பிரிட்டனில் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. ஆனால் பாட்டுக்கு உரிமை தனி. இசையமைத்தவரும் எழுதியவரும் காலமாகி 70 ஆண்டு ஆகும்வரை அது ஓடும். ரே நோபிள் 1978 வரை இருந்தார்; கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு 100 ஆண்டு. உங்கள் காணொளி ஒரு நாட்டில் ஓடி இன்னொரு நாட்டில் முடங்கினால் காரணம் இதுதான்.

கடைசியாக ஒரு காகிதம். பதிவேட்டின் முதல் பக்கத்தில் விலை உள்ள தட்டுகள் எவை, எந்த அலமாரி, யாரைக் கூப்பிடவேண்டும், எந்த ஏலக் கடைக்கு 78 தெரியும் என்று நாலு வரி எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் காட்டிவையுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்றால் இங்கிலீஷில் எழுதுங்கள்.